அது எருமைநாக்கோட குஞ்சு இல்ல: வெள்ளாத்து முகத்துவாரத்துல கெடைச்ச சின்ன நாக்கு மீன்

நீங்க எழுதினதை நான் புரிஞ்சுகிட்ட வரைக்கும் மொதல்ல சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. பரங்கிப்பேட்டைல வெள்ளாறு கடல்ல கலக்குற எடத்துகிட்ட, மார்ச் மாசம், கரைவலை இழுத்தப்ப கழசலோட, அதான் விலை போகாத பொடி மீன் குவியலோட, வந்த ரெண்டு தட்டை மீனை உங்க பொண்ணு எடுத்துட்டு வந்திருக்கா. 12 சென்டிமீட்டர் நீளம், ரெண்டு கண்ணும் ஒரே பக்கம், கண்ணு இருக்கற பக்கம் பழுப்பு மேல திட்டுத்திட்டா கருப்பு, அடிப்பக்கம் வெள்ளை, வால்னு தனியா ஒண்ணும் தெரியாம வேப்பெலை நுனி மாதிரி கூரா முடியுது. வலை இழுத்தவர் "அது எருமைநாக்குக் குஞ்சும்மா"ன்னு சொல்லிருக்கார். ஒண்ணைக் கழுவுறப்ப உள்ள மஞ்சளா முட்டை இருந்திருக்கு. பேர் என்ன, இது ஆத்து மீனா கடல் மீனான்னு ரெண்டு கேள்வி கேட்டிருக்கீங்க, ஆனா உங்க மனசுல ஓடுறது மூணாவது ஒண்ணுன்னு தோணுது, குஞ்சுன்னா வயித்துல எப்படி முட்டை வந்துச்சு? உங்க பொண்ணு கேட்டதும் இதுவாத்தான் இருக்கும். சரியான கேள்வி, மொத்த விஷயமும் அதுலதான் இருக்கு.

சுருக்கமா சொல்லணும்னா அது குஞ்சு இல்ல, வளந்து முடிஞ்ச மீன், அதோட ஜாதியே சின்னது. சைனோகிளாசிடேங்கற நாக்கு மீன் குடும்பம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. சைனோகிளாசஸ்ங்கற பேரினம், இதுவும் ஏறக்குறைய உறுதி. இனம் சைனோகிளாசஸ் பங்க்டிசெப்ஸா இருக்கத்தான் அதிக வாய்ப்பு, ஆனா நீங்க மேல்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்திருக்கறதால அதை "வாய்ப்பு"ன்னு மட்டும்தான் சொல்லுவேன். நான் பரங்கிப்பேட்டைலயே கடல் உயிரியல் படிச்சவன், அப்புறம் பல வருஷம் விடியக்காலைல இறங்குதளத்துல போய் கூடை கூடையா மீனைக் கொட்டிப் பிரிச்சு எண்ணுற வேலை பாத்தவன், அந்த அனுபவத்துலேர்ந்து சொல்றேன்: ஒரு போட்டோவைப் பாத்து இனம் வரைக்கும் அடிச்சுச் சொல்றவங்களை நாக்கு மீன் விஷயத்துல நம்பாதீங்க. 50க்கும் மேல இனங்கள் இருக்கற பேரினம் அது, பாதி பேர் பாக்க ஒரே அச்சு.

குடும்பம் எப்படி உறுதின்னா, இதுக்கு வீட்லயே பாக்குற மாதிரி ஒரு வழி இருக்கு, பொண்ணையே பாக்கச் சொல்லுங்க. மீனை ஒரு தட்டுல கண்ணு மேல பாக்கற மாதிரி வைங்க, வயித்துப் பக்கம் உங்களைப் பாத்து இருக்கணும். வயித்துப் பக்கம் எதுன்னு எப்படித் தெரியும்னா, வாயும் செவுளோட திறப்பும் எந்த ஓரத்துக்குக் கிட்ட இருக்கோ அதுதான். இப்ப தலை உங்க எடதுபக்கம் இருந்தா அது எடதுகண் மீன், வலதுபக்கம் இருந்தா வலதுகண் மீன். நம்ம கரையில கெடைக்கற தட்டை மீன்ல இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடிச்சுடும். ஏன்னா நாக்கு மீன் எடதுகண், சோலியாங்கற இன்னொரு தட்டை மீன் குடும்பம் வலதுகண், ரெண்டும் நீளவாக்குல இருக்கறதால பாக்கறவங்க குழப்பிக்கறாங்க. உங்க போட்டோவுல தலை எடது, வாய் கீழ்ப்பக்கம் கொக்கி மாதிரி வளைஞ்சு உள்ள போகுது, மூக்கு நுனி அந்த வாய் மேல தொங்குது. பக்கவாட்டுத் துடுப்பு, அதான் மத்த மீனுக்கு செவுளுக்குப் பின்னாடி விசிறி மாதிரி இருக்குமே, அது சுத்தமா இல்ல. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் ஓரம் பூரா ஓடி வாலோட சேந்து ஒரே விளிம்பாயிடுது. எடதுகண், கொக்கி வாய், பக்கத்துடுப்பு இல்ல, வாலோட எல்லாம் ஒட்டிக்கெடக்கு, இந்த நாலும் ஒண்ணா இருந்தா நாக்கு மீன்தான். இன்னும் ஒண்ணு, உதட்டு ஓரத்தை ஈரத்தோட பாருங்க, குஞ்சம் குஞ்சமா சின்ன இழைகள் தொங்கினா அது பாராபிளாகூசியாங்கற பக்கத்துப் பேரினம், உதடு வழவழன்னு இருந்தா சைனோகிளாசஸ். போட்டோவை எவ்வளவோ பெரிசு பண்ணிப் பாத்துட்டேன், இழை எதுவும் தெரியல, அதனாலதான் "ஏறக்குறைய உறுதி"ன்னு எழுதினேன்.

வலைக்காரர் சொன்னதும் ஒரேயடியா தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எருமைநாக்குங்கற பேரை நம்ம கரையில எடத்துக்கு எடம் வேற வேற தட்டை மீனுக்கு வச்சிருக்காங்க, சில ஊர்ல பெரிய நாக்கு மீனையும் அப்படித்தான் கூப்புடறாங்க. ஆனா அறிவியல் பேருக்குள்ளயே போய் உக்காந்த எருமைநாக்கு ஒண்ணு இருக்கு, செட்டோடஸ் எருமெய். அந்த "எருமெய்" நம்ம எருமைதான். உங்க ஊருக்குத் தெக்க தரங்கம்பாடி, டேனிஷ்காரங்க கைல இருந்த காலத்துல அங்க இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான்ங்கற பாதிரியார் இந்தக் கரையோர மீன்களைப் பெர்லின்ல இருந்த ப்ளாக்குங்கற மீன் அறிஞருக்கு அனுப்பிகிட்டு இருந்தார். ப்ளாக் 1799ல செத்துட்டார், மிச்ச வேலையை ஷ்னைடர் முடிச்சு 1801ல புத்தகமா கொண்டுவந்தப்ப தரங்கம்பாடி மீன் ஒண்ணுக்கு நம்ம மீனவங்க வச்ச பேரே அறிவியல் பேராயிடுச்சு. எனக்கு இதை நெனைச்சா இப்பவும் சந்தோஷம், யாரோ ஒரு கட்டுமரக்காரர் வாயால சொன்ன சொல்லு இருநூறு வருஷத்துக்கு மேலா உலகம் பூரா மியூசியம் ஜாடில ஒட்டிக்கெடக்கு. சைனோகிளாசஸ்ங்கறதும் கிரேக்கத்துல நாய்நாக்குன்னு அர்த்தம், எந்த ஊர்க்காரன் பாத்தாலும் இந்த மீன் நாக்காத்தான் தெரிஞ்சிருக்கு.

ஆனா அந்த உண்மையான எருமைநாக்கும் உங்க மீனும் சொந்தம்னு சொல்ற அளவுக்குக் கூட கிட்ட இல்ல. செட்டோடஸ் தடிச்ச ஒடம்பு, ரெண்டு அடி வரைக்கும் வளரும், வாய் பெரிசு, வாய்க்குள்ள விரலை விட்டா வெளிய ரத்தத்தோட வர்ற மாதிரி பல்லு, வால் தனியா விசிறி மாதிரி இருக்கும். முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாடிதான் ஆரம்பிக்கும், மத்த தட்டை மீனுக்கெல்லாம் அது கண்ணு கிட்டயோ அதுக்கும் முன்னாடியோ தொடங்கிடும். அதோட மேல்கண்ணு முழுசா இந்தப்பக்கம் வந்து சேராம உச்சந்தலை ஓரத்துலயே நின்னுடும், எடதுகண்ணும் உண்டு வலதுகண்ணும் உண்டு, கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அதோட குஞ்சு எவ்வளவு சின்னதா இருந்தாலும் அதுக்குத் தனி வால் இருக்கும், பக்கத்துடுப்பு இருக்கும். இலை மாதிரி முடியற ஒடம்பு வளர வளர வாலா பிரியாது. அதனால "எருமைநாக்குக் குஞ்சு இல்ல"ங்கறதை முட்டையைப் பாக்காமலே சொல்லிடலாம், முட்டை அதை இன்னும் இறுக்கிடுது, அவ்வளவுதான்.

இனம்னு வர்றப்பதான் நிதானமா போகணும். நான் பங்க்டிசெப்ஸ்னு சாயறதுக்குக் காரணம் மூணு. ஒண்ணு அளவு, இந்த இனம் பெரும்பாலும் 18, 20 சென்டிமீட்டரைத் தாண்டறதில்ல, நம்ம கழசல்ல வர்றது பெரும்பாலும் ஒரு சாண் நீளத்துக்கும் கம்மிதான். ரெண்டாவது, திட்டுகள் ஒழுங்கில்லாம ஒண்ணோட ஒண்ணு கலந்து, துடுப்பு ஓரத்துலயும் சின்னச் சின்னக் கருப்புக் கோடா ஓடறது. மூணாவது எடம், முகத்துவாரமும் ஆழமில்லாத கரையும் அதோட வழக்கமான வீடு. 1846ல ரிச்சர்ட்சன் வச்ச பேர், பங்க்டிசெப்ஸ்னா புள்ளித்தலைன்னு அர்த்தம். ஆனா இந்த மூணுமே சாட்சியம்தான், தீர்ப்பு இல்ல. தீர்ப்பு சொல்றது செதிலும் கோடும்தான்.

அதை நீங்களே பாக்கலாம். நகத்தை வால்லேர்ந்து தலைப்பக்கமா இழுங்க, மேல்பக்கம் மட்டும் இல்ல, வெள்ளைப் பக்கமும். ரெண்டு பக்கமும் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருந்தா பங்க்டிசெப்ஸ் பக்கம் ஒரு படி ஏறிட்டோம். மேல சொரசொர, அடியில வழவழன்னா வேற ஆளு, அதுல நம்மகிட்ட அதிகமா வர்றது சைனோகிளாசஸ் ஆரெல், அது ஒரு அடிக்கு மேல வளரும், அதோட சின்ன மீனுங்களும் இதே எடத்துல வரும், அதுதான் உண்மையில குஞ்சா இருக்க வாய்ப்புள்ள ஆளு. அடுத்தது கோடு. நாக்கு மீன் ஒடம்புல பக்கக்கோடு, அதான் ஒடம்பு நீளத்துக்கு ஓடற உணர்வுக் கோடு, ஒண்ணு இல்ல, ரெண்டு மூணு ஓடும். பங்க்டிசெப்ஸுக்கு கண்ணுப் பக்கம் ரெண்டு கோடு, வெள்ளைப் பக்கம் ஒண்ணும் கெடையாது. வெள்ளைப் பக்கமும் ரெண்டு கோடு இருந்தா அது பைலினியேட்டஸ். அப்புறம் மேல்பக்கத்துல அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எத்தனை செதில் வரிசைன்னு எண்ணணும், ஆரெலுக்கு 7லேர்ந்து 9 வரிசைதான், செதில் பெரிசு பெரிசா இருக்கும். பங்க்டிசெப்ஸுக்கு அதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, செதில் பொடிப்பொடியா இருக்கும். குண்டூசி ஒண்ணும் தையக்காரர் பூதக்கண்ணாடியும் இருந்தா போதும், கொஞ்சம் காய விட்டு எண்ணினா செதில் ஓரம் தெளிவா தெரியும், ஈரத்துல பளபளப்பு கண்ணைக் கூசும்.

எண்ணுறதுல ஏன் இவ்வளவு பிடிவாதம் புடிக்கறேன்னா, பெரிய பெரிய ஆளுங்களே இதுல தடுக்கி விழுந்திருக்காங்க. கேரளாவுலயும் கர்நாடகக் கரையிலயும் மழைக்கு அப்புறம் கூட்டம் கூட்டமா வருமே மாந்தல், மலபார்க்காரங்க உசுரா சாப்புடற மீன், அதை ரொம்ப காலமா ஆராய்ச்சிக் கட்டுரைல எல்லாம் செமிபேசியேட்டஸ்னு எழுதிகிட்டு இருந்தாங்க. அந்தப் பேர் பிரான்சிஸ் டே 1877ல வேற மீனுக்கு வச்சது. மலபார் மாந்தலோட சரியான பேர் மேக்ரோஸ்டோமஸ், நார்மன் 1928ல வச்சது. ஏ. ஜி. கே. மேனன் 1977ல இந்தப் பேரினம் பூராத்தையும் உக்காந்து பிரிச்சு எழுதின பெரிய நூல் வந்ததுக்கு அப்புறம்தான் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு எண்ணுறதுக்கே ஒரு பிடி கெடைச்சுது. இத்தனை டன் கணக்கா புடிக்கற மீனுக்கே பேர் மாறிக் கெடந்துச்சுன்னா கழசல்ல கெடக்கற சின்ன மீனுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க.

நிறத்தை நம்பாதீங்கன்னு தனியா சொல்றேன், ஏன்னா இணையத்துல தேடி போட்டோவைப் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாத்தேன்னு எழுதியிருக்கீங்க. தட்டை மீனோட நிறம் சட்டை மாதிரி, படுத்திருக்கற தரையைப் பாத்து மாத்திக்கும். சென்னையில மருத்துவம் படிச்ச நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும் கூட இருந்தவங்களும் 1996ல ஒரு வேலை செஞ்சாங்க, கரீபியக் கடல் பக்கத்துத் தட்டை மீன் ஒண்ணை, போத்தஸ் ஓசெல்லேட்டஸ்னு பேரு, தொட்டியில விட்டு அடியில சதுரங்கக் கட்டம், புள்ளின்னு வேற வேற தரையா வச்சுப் பாத்தாங்க. 2லேர்ந்து 8 செகண்டுக்குள்ள மீன் அந்தத் தரையோட கலந்துபோக ஆரம்பிச்சுடுச்சு. நாக்கு மீன் அந்த அளவுக்கு வேகக்காரன் இல்ல, ஆனா கருப்புச் சேத்துல புடிச்சதும் வெள்ளை மணல்ல புடிச்சதும் ஒரே இனம்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. செத்ததுக்கு அப்புறம் ஐஸ்ல போட்டா இன்னும் மாறும், திட்டு மங்கும், பழுப்பு சாம்பலாயிடும். நான் வேலைக்குச் சேந்த புதுசுல நிறத்தை வச்சுப் பிரிச்ச ரெண்டு கூடையைச் செதில் எண்ணிப் பாத்தப்ப ரெண்டும் ஒண்ணுன்னு தெரிஞ்சுது, அன்னிலேர்ந்து நிறத்தை எழுதி வச்சுக்குவேன், ஆனா அதை வச்சு முடிவு பண்ண மாட்டேன்.

முட்டை விஷயம். நீங்க பாத்த மஞ்சள் முட்டைப்பை வயித்தோட நிக்காம வால்பக்கமா நீண்டு போயிருந்துச்சான்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தட்டை மீனுக்கு வயிறு ரொம்பச் சின்ன எடம், தலைக்கு ஒட்டி ஒரு மூலை, அதுக்குள்ள எடமில்லாம சினைப்பை ஆப்பு மாதிரி ஒடம்புக்குள்ள பின்னால நீண்டு வளரும். சினை மீனை வெயிலுக்கு எதிரா தூக்கிப் புடிச்சா ஒடம்பு வழியா அந்த நிழல் நீளமா தெரியும், அறுக்கவே வேணாம். முட்டை கண்ணுக்குத் தனித்தனியா மணி மணியா தெரிஞ்சிருந்தா அது முட்டை விடறதுக்குத் தயாரான தாய் மீன். 12 சென்டிமீட்டர்ல தாய்! அதனாலதான் நான் இவ்வளவு நீளமா எழுதறேன், "குஞ்சு"ன்னு ஒதுக்கற நூறு மீன்ல எத்தனை இப்படித் தாயா இருக்கும்.

இப்ப எடத்துக்கு வர்றேன், எனக்கு இதுதான் மீனோட பேரை விட முக்கியம். அன்னங்கோவில்ல ஒரு பெரியவர், நான் படிக்கறப்ப அவருக்கு அறுபது வயசுக்கு மேல, நான் மீனை எடுத்துகிட்டு அவர்கிட்ட ஓடினா மொதல்ல மீனைப் பாக்க மாட்டார், "எந்த மண்ணுல கெடைச்சுது தம்பி"ன்னு கேப்பார். வலைல ஒட்டியிருக்கற சேத்தை ரெண்டு விரல்ல எடுத்துத் தேய்ச்சுப் பாத்துட்டு இது இன்ன எடம்னு சொல்லுவார், அப்புறம் இந்த எடத்துல இந்த மீன்தான் வரும்னு சொல்லுவார், பத்துக்கு எட்டு தடவை சரியா இருக்கும். தட்டை மீனுக்கு தண்ணியை விட தரைதான் வீடு. மண்ணுக்குள்ள ஒடம்பை அலையடிக்கற மாதிரி ரெண்டு ஆட்டு ஆட்டினா மண்ணு கெளம்பி மேல விழுந்து மூடிக்கும், கண்ணு மட்டும் வெளிய. அதுக்கு மண்ணு ரொம்பப் பருமனா இருந்தா புதைய முடியாது, ரொம்பக் குழைஞ்ச சேறா இருந்தா செவுள் அடைச்சுக்கும். நாக்கு மீன் மெல்லிசா இருக்கறதால பொடி மணலும் சேறும் கலந்த தரையைத் தேடும், வெள்ளாத்து முகத்துவாரம் அந்தக் கலப்புக்குன்னே செஞ்ச மாதிரி. கடல் பக்கம் அலை அடிச்ச சுத்த மணல், உள்ள போகப் போக ஆறு கொண்டாந்த வண்டல், கிள்ளை வழியா பிச்சாவரம் பக்கம் போனா அலையாத்திக் காட்டோட கருஞ்சேறு, நடுவுல ரெண்டும் கலக்கற பட்டை ஒண்ணு. உங்க மீன் அந்தப் பட்டையோட கடல் ஓரத்துல கெடைச்சிருக்கு.

பொண்ணு அறிவியல் ப்ராஜெக்ட்டுக்குக் கேக்கறான்னா இதைப் பண்ணச் சொல்லுங்க. ஒரு கண்ணாடி பாட்டில்ல கைப்பிடி மண்ணைப் போட்டு மீதிக்குத் தண்ணி ஊத்தி நல்லாக் குலுக்கி ஒரு ராத்திரி அசையாம வைங்க. காலைல அடியில மணல், அதுக்கு மேல வண்டல், அதுக்கும் மேல களி ஒரு மெல்லிசு படலமா அடுக்கு அடுக்கா நிக்கும், ஸ்கேலை வச்சு ஒவ்வொண்ணும் எத்தனை மில்லிமீட்டர்னு குறிச்சுக்கலாம். அலை அடிக்கற எடம், முகத்துவாரம், உள்ள படகு கட்டற எடம், மூணு எடத்துல எடுத்தா எந்த மண்ணுல மீன் இருந்துச்சு, எதுல இல்லன்னு ஒரு படமே கெடைச்சுடும். அதோட மீனோட குடலை வெள்ளைத் தட்டுல கொஞ்சம் தண்ணில பிரிச்சுப் பாருங்க. நாக்கு மீனோட தீனி பெரும்பாலும் மண்ணுக்குள்ள இருக்கற புழு, பொடி எறா மாதிரி ஜீவன்கள், குட்டிக் குட்டி மட்டி, அதோட சேந்து உள்ள போன மணல். புழுவோட மயிர் மாதிரி முள்ளு பளபளன்னு தெரியும். இருட்டுல மோப்பமும் தொடுறதும்தான் அதுக்குக் கண்ணு, அதனால பகல்ல படுத்துக்கெடக்கும், ராத்திரி மேயும். செட்டோடஸ் அப்படி இல்ல, அது மீனைப் பாத்துப் பாய்ஞ்சு புடிக்கற ஆளு, அதுக்குத்தான் அந்தப் பல்லு. வயித்தைப் பாத்தாலே ரெண்டும் வேற வேற பொழப்புன்னு தெரியும்.

ஆத்து மீனா கடல் மீனான்னா, கடல் மீன்தான், ஆனா ஆத்து வாயை விட்டு இருக்க முடியாத கடல் மீன்னு சொல்லுவேன். முட்டை தண்ணில மெதக்கும், பொரிச்சு வர்ற குஞ்சு மத்த மீன் மாதிரியே நிமிந்து நீந்தும், கண்ணு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு இருக்கும். கொஞ்ச நாள்ல வலதுகண்ணு நகந்து எடதுபக்கம் வரும், அப்புறம் தரையில படுத்துடும், அதுக்கு அப்புறம் சாகற வரைக்கும் அந்த வெள்ளைப் பக்கம்தான் அடி. தரைக்கு எறங்கற அந்த நேரத்துல அதுக்கு அலை கம்மியான, தீனி உள்ள, பெரிய மீன் அதிகம் வராத ஆழமில்லாத எடம் வேணும், முகத்துவாரத்தோட உள்பக்கம் அதுக்குத் தொட்டில் மாதிரி. ஐப்பசி கார்த்திகைல வடகிழக்குப் பருவமழை கொட்டி ஆத்துல வெள்ளம் வந்தா வெள்ளாத்துத் தண்ணி ஏறக்குறைய நல்ல தண்ணியாயிடும், அப்ப இதுங்க வெளிய கடலோரத்துக்கு நகந்துடும். தை மாசிக்கு மேல உப்பு ஏறினதும் திரும்ப வாய்க்குள்ள வரும். நீங்க மார்ச்ல பாத்தது அதுக்குப் பொருந்திப் போகுது. ஆனா ஒரே ஒரு நாள் கெடைச்ச ரெண்டு மீனை வச்சு மார்ச்சுதான் சினைக் காலம்னு எழுதிடாதீங்க, நம்ம வெப்பக் கடல்ல பல மீனுக்கு சினை பல மாசம் நீளும், மாசா மாசம் பாத்தாத்தான் அதைச் சொல்ல முடியும்.

அதே எடத்துல அடுத்த தடவை வேற தட்டை மீனும் கெடைக்கலாம். முட்டை வடிவத்துல அகலமா, எடதுகண்ணா, வால் தனியா, பக்கக்கோடு தலைக்குப் பின்னாடி வில்லு மாதிரி வளைஞ்சு அப்புறம் நேரா ஓடற எடத்துல ஒரு கருந்திட்டு இருந்தா அது சூடோராம்பஸ் ஆர்சியஸ், அதோட குஞ்சுங்க உண்மையாவே முகத்துவாரத்துக்குள்ள வரும். வலதுகண்ணா, வரிக்குதிரை மாதிரி பட்டை பட்டையா இருந்தா ஜீப்ரியாஸ். மன்னார் வளைகுடா பக்கம் பவளப்பார் கிட்ட வெள்ளை வட்டம் வட்டமா மயில்கண் மாதிரி இருக்கற ஒண்ணு உண்டு, பர்டாகிரஸ். அதை மட்டும் கைல நசுக்காதீங்க, துடுப்பு அடியில வரிசையா இருக்கற துளைலேர்ந்து பால் மாதிரி நஞ்சு கசியும். அதோட செங்கடல் சொந்தக்காரனைத்தான் 1970கள்ல யூஜெனி கிளார்க் சுறாகிட்ட வச்சுப் பாத்தாங்க, கடிக்க வந்த சுறா வாயை மூட முடியாம திணறிட்டு ஓடுச்சு. உங்க நாக்கு மீனுக்கு அந்த மாதிரி எந்த நஞ்சும் இல்ல, பயப்படாம தொடலாம், சாப்பிடலாம். தோலை உரிக்கறப்ப வழுக்குச்சுன்னா விரல்ல கொஞ்சம் சாம்பல் தொட்டுக்கங்க, தலைப்பக்கம் ஒரு கீறு கீறி வால்பக்கமா இழுத்தா ஒரே தோலா வந்துடும்.

கழசலைப் பத்தி ஒண்ணு சொல்லாம விட முடியல. இந்த மீன் எறா இருக்கற அதே சேத்துலதான் இருக்கு, அதனால எறாவைத் தேடித் தரையைச் சொறண்டற எந்த வலையிலயும் இது வரும், வந்தா காசு இல்ல, கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போயிடும். இழுவைப் படகு கரைக்கு ரொம்பக் கிட்ட வரக்கூடாதுன்னு தமிழ்நாட்டுல 1983 சட்டமே இருக்கு, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் நம்ம கரையில விசைப்படகுக்குத் தடையும் இருக்கு, ரெண்டும் நல்லது. ஆனா முகத்துவாரத்துக்குள்ள கொசுவலை மாதிரி பொடிக்கண்ணி வலையைப் போட்டு வழிச்சா அந்த ரெண்டும் இந்த மீனைக் காப்பாத்தாது. கரைவலைக்காரங்களை நான் குத்தம் சொல்லல, அவங்க பொழப்பு எனக்குத் தெரியும், மடியைக் கொட்டின ஒடனே உசுரோட துடிக்கற பொடி மீனைத் திரும்ப அலையில தள்ளிவிடறவங்களையும் நான் பாத்திருக்கேன். தட்டை மீனுக்கு உசுரு கெட்டி, ஈரம் இருந்தா கொஞ்ச நேரம் தாங்கும், அந்தக் கொஞ்ச நேரத்துல விட்டா பொழைச்சுக்கும்.

மிச்சம் ஒரு மீன் ப்ரீசர்ல இருக்குன்னு எழுதியிருந்தீங்க, அது போதும். வெளிய எடுத்துத் தானா உருக விட்டு, பக்கத்துல ஸ்கேல் வச்சு, நிழல்ல ப்ளாஷ் இல்லாம நாலு போட்டோ எடுங்க: கண்ணுப் பக்கம் முழுசா, வெள்ளைப் பக்கம் முழுசா, வாயும் உதடும் கிட்டத்துல, ஒடம்போட நடுவுல ரெண்டு கோடும் செதிலும் தெரியற மாதிரி கிட்டத்துல. பார்மலின் எல்லாம் வீட்ல வேணாம், அது ஆகாத புகை, மரபணு பாக்கற வாய்ப்பையும் கெடுத்துடும். துடுப்புல நகம் அளவு ஒரு துண்டை வெட்டி மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்ல போட்டு, தேதி, எடம், முழங்கால் ஆழமா இடுப்பு ஆழமா, ஏத்தமா வத்தமா, மணலா சேறான்னு பென்சில்ல எழுதின சீட்டை உள்ளயே போட்டு மூடி வைங்க, பேனா மை கரைஞ்சுடும். நடுவுல இருக்கற செதில் வரிசையை உங்க பொண்ணு எண்ணட்டும், மூணு தடவை எண்ணி மூணு எண்ணையும் எழுதட்டும், வேற வேறயா வந்தாலும் அடிச்சுத் திருத்த வேணாம். அந்த எண்ணையும் நாலு போட்டோவையும் இங்கயே போடுங்க. 15க்குப் பக்கத்துல வந்து, வெள்ளைப் பக்கம் கோடு இல்லாம சொரசொரன்னு இருந்தா நான் "வாய்ப்பு"ங்கற சொல்லை எடுத்துடறேன்.